எண்ணிக் கோத்த மாலை

புறநானூற்றின் 378ஆம் பாடலில் ஊன்பொதி பசுங்குடையார் என்னும் புலவர், சோழன் இளஞ்சேட்சென்னியிடம் தாம் பெற்ற பரிசிலைப் பற்றிப் பேசுகிறார். அரசன் அள்ளிக் கொடுத்த நகைகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். வறுமையிலேயே வாழ்ந்து பழகிய அவருடைய பெருஞ்சுற்றத்தார் விரலில் அணிவதைக் காதிலும் காதில் அணிவதை விரலிலும் பூட்டிக்கொள்கிறார்கள். இடுப்புக்குரியது கழுத்துக்குப் போகிறது, கழுத்துக்குரியது இடுப்புக்கு வருகிறது. ஒவ்வொரு நகைக்கும் உடம்பில் ஓர் இடம் உண்டு என்பதும், அந்த இடம் எது என்பது நகை வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது என்பதும் இந்தப் பாட்டிலிருந்து விளங்குகின்றன. கழுத்து நகையை இடுப்பைச் சுற்றிக் கட்ட முடிந்திருக்கிறது என்றால் அது கழுத்தை ஒட்டிக் கிடக்கும் குட்டை நகையாக இருந்திருக்க முடியாது. மார்பில் நீண்டு இறங்கும் மாலையாகத்தான் இருந்திருக்க வேண்டும். இன்றைய கடைகளில் அட்டிகையையும் ஆரத்தையும் ஒரே நகையின் சின்ன அளவு, பெரிய அளவு என்பதுபோல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கழுத்தை ஒட்டிய நகை முகத்துக்காகப் பிறந்தது. நீள மாலை எண்ணிக்கையிலிருந்து பிறந்தது. ஒரே மாதிரியான உருப்படிகளை, அது முத்தானாலும் காசானாலும், ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனதன் விளைவுதான் அதன் நீளம். நீள மாலையைப் புரிந்துகொள்ள அதை முதலில் ஒரு சேமிப்பாகவும் கணக்காகவும் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

பழைய நூல்கள் மாலைகளை எப்படி வகைப்படுத்தின என்று பார்த்தாலே இது தெரியும். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கருவூலத்துக்கு வரும் பொருள்களைச் சொல்லும் இடத்தில் முத்துமாலைகளைப் பட்டியலிடுகிறது. 1008 சரம் கொண்டது இந்திரச்சந்தம், அதில் பாதி, அதாவது 504 சரம், விஜயச்சந்தம். 64 சரம் அர்த்தஹாரம், 32 சரம் குச்சம் என்று பெயர்கள் இறங்கிவருகின்றன. சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் கொடுக்கும் பட்டியலில் சில எண்கள் மாறுகின்றன, ஆனால் முறை மாறவில்லை. இந்திரச்சந்தம் நான்கு முழ நீளம், விஜயச்சந்தம் இரண்டு முழம் என்று அவர் அளவு சொல்வது உண்மைதான். ஆனாலும் மாலைக்குப் பெயர் கொடுப்பது முழம் அல்ல, சரத்தின் எண்ணிக்கை. அர்த்தசாஸ்திரத்தில் இந்தப் பட்டியல் இருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. அழகுக்கலை பேசும் பகுதியில் அது இல்லை. கருவூல அதிகாரி எதைப் பரிசோதித்து உள்ளே வாங்க வேண்டும் என்று சொல்லும் பகுதியில் இருக்கிறது. முத்து எங்கெங்கிருந்து வருகிறது என்று சொல்லும்போது தாமிரபரணியும் பாண்டியநாடும் அதே இடத்தில் பேசப்படுகின்றன. கொற்கை முத்து வடநாட்டுக் கருவூலத்தில் சரம் சரமாக எண்ணப்பட்டுக் கணக்கில் ஏறியிருக்கிறது. நம் பக்கத்தில் சிலப்பதிகாரமும் இதற்கு ஒத்துப்போகிறது. அரங்கேறிய மாதவியின் மாலை, ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் என்று பெறுமானம் சொல்லப்பட்டு நகர வீதியில் விலைக்கு வருகிறது. கோவலன் வாங்குகிறான். காப்பியத்தின் போக்கையே மாற்றும் அந்த மாலை எப்படி இருந்தது என்பதைவிட என்ன விலை என்பதைத்தான் இளங்கோ முதலில் சொல்கிறார்.

எண்ணிக்கையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களுக்குத்தான் போக வேண்டும். முதலாம் இராசராசனும் அவன் அக்கை குந்தவையும் இறைவனுக்கும் செப்புத் திருமேனிகளுக்கும் கொடுத்த நகைகள் அங்கே கல்லில் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. பொன்னை ஆடவல்லான் என்னும் பெயருடைய எடைக்கல்லாலும், மணிகள் பதித்த நகைகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்தார்கள். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி என்ற கணக்கில் குன்றிமணிக்கும் கீழான பின்னம்வரை எழுதியிருக்கிறார்கள். முத்து என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, கறடு, இரட்டை என்று வடிவமும் தரமும் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் எத்தனை முத்து என்று எண்ணியிருக்கிறார்கள். ஏகவல்லி என்னும் ஒற்றைச்சர மாலையும் ஸ்ரீச்சந்தம் என்னும் முத்தணியும் இப்படியே பதிவாகின்றன. நகைக்குள் ஏறியிருக்கும் அரக்கின் எடைகூட இந்தக் கணக்கில் பேசப்படுகிறது. கடைசியில் நிறை இத்தனை கழஞ்சு, விலை இத்தனை காசு. இத்தனையும் படித்த பிறகும் அந்த மாலை திருமேனியின் மார்பில் எதுவரை தொங்கியது என்று நமக்குத் தெரிவதில்லை. எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. ஒரு முத்து குறைந்தால்கூடக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தேவை. அந்த நகைகளில் ஒன்றும் இன்று கோயிலில் இல்லை என்பதை நினைக்கும்போது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்கள் பட்ட கவலை வீண் கவலை அல்ல என்று புரிகிறது.

முத்திலிருந்து காசுக்கு வருவோம். முதல் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசிலிருந்து மிளகுக்கும் முத்துக்கும் விலையாகப் பொற்காசுகள் தென்னிந்தியாவுக்கு வந்து குவிந்தன. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று மூத்த பிளினி வருந்தி எழுதியது பலருக்கும் தெரிந்ததுதான். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருந்தது. அவற்றை வாங்கியவர்கள் முகத்தை மதிக்கவில்லை, பொன்னை மட்டும் மதித்தார்கள் என்பதற்கு அந்த வெட்டு சாட்சி. வேறு இடங்களில் கிடைத்த காசுகளில் துளையிட்டவையும் விளிம்பில் கோத்தணிய வளையம் வைத்தவையும் உண்டு. அதாவது அந்தக் காசு நாணயமாகச் சந்தைக்குத் திரும்பவில்லை. கழுத்துக்குப் போனது. தக்காணத்தின் பழைய ஊர்களில் ரோமானியக் காசைப் பார்த்துச் சுடுமண்ணில் செய்து, தொங்கவிட வளையம் வைத்த பதக்கங்கள் கிடைத்திருக்கின்றன. மாலை சேமிப்புதான் என்றால் மதிப்பில்லாத மண்ணில் அதை ஏன் செய்ய வேண்டும் என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இது: செல்வத்தின் வடிவம் என்று ஊர் ஒப்புக்கொண்ட ஒன்றைத்தான் இல்லாதவர்கள் போலிசெய்து அணிவார்கள். பொன் காசு வைத்திருப்பவர் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்வார் என்ற வழக்கம் முன்பே வேரூன்றி இருந்தால்தான் மண் காசுக்குக் கழுத்தில் இடம் கிடைக்கும்.

இன்று நாம் காசுமாலை என்று சொல்லும் நகை பிரிட்டிஷ் சவரனோடு உறுதியான வடிவம் பெற்றது. சவரன் ஒன்றின் எடை 7.98 கிராம், தரம் 22 காரட். 1899ஆம் ஆண்டுச் சட்டத்தால் 15 ரூபாய்க்கு ஒரு சவரன் என்ற கணக்கில் அது இந்தியாவில் செல்லும் பணமானது. 1918இல் பம்பாயிலேயே சவரன் அச்சடித்தார்கள். ஆனால் வந்த சவரனில் பெரும்பகுதி கைமாறிக்கொண்டே இருக்கவில்லை. பெட்டிக்கும் பத்தரின் பட்டறைக்கும் போனது. நாம் எட்டு கிராமை ஒரு பவுன் என்பதும், கடை வாசலில் 916 என்று எழுதியிருப்பதும் அந்தக் காசின் எடையும் தரமும் நம் நாக்கில் தங்கிப்போனதன் அடையாளங்கள். பத்தர் காசின் விளிம்பில் சிறு பொன் வளையத்தைப் பொடி வைத்துப் பற்றவைப்பார். காசை உருக்குவதில்லை, மேல் அச்சும் அழியாது. ஒவ்வொரு காசும் பக்கத்துக் காசின் மேல் சற்றே ஏறிப் படியும்படி நெருக்கமாகக் கோப்பார்கள். பின்கழுத்துப் பக்கம் பொன் தேவையில்லை என்பதால் அங்கே பட்டுநூல் கயிறு வரும். இந்தக் கயிற்றைச் சிக்கனம் என்று மட்டும் நினைப்பவர்கள் அதன் வேலையைக் காணத் தவறுகிறார்கள். மகளுக்குச் சீர் செய்ய, விதைநெல் வாங்க, மருத்துவச் செலவுக்கு என்று மாலையிலிருந்து ஐந்து காசைக் கழற்றலாம். கயிற்றைக் கொஞ்சம் நீட்டிக் கட்டினால் மாலை மாலையாகவே இருக்கும். அறுவடை நன்றாக இருந்த ஆண்டில் இரண்டு காசு சேர்த்துக் கயிற்றைச் சுருக்கலாம். அட்டிகையில் இதைச் செய்ய முடியாது. ஒரு கல் விழுந்தாலும் நகை ஊனப்பட்டுவிடும். கூட்டவும் குறைக்கவும் இடம் கொடுக்கும் இந்த அமைப்புதான் நீள மாலையின் உயிர். செட்டிநாட்டுக் கழுத்துருவும் தனித்தனி உருப்படிகளைக் கயிற்றில் கோத்து அணியும் நகைதான். திருமணத்திலும் மணிவிழாவிலும் வெளியே வரும், மற்ற நாளில் பெட்டிக்குள் இருக்கும்.

அணியும் முறையும் இந்த அமைப்பிலிருந்தே வந்தது. கழுத்தை ஒட்டி அட்டிகை, அதற்குக் கீழே பதக்கம் வைத்த சங்கிலி, எல்லாவற்றுக்கும் கீழே காசுமாலையோ மாங்காய்மாலையோ தனியாக. நீள மாலைக்கு அருகே இன்னொரு நீள மாலையைப் போட்டால் காசுகள் ஒன்றோடொன்று மாட்டிப் புரளும், கொண்டி தேயும். தேயும் கொண்டியில் குறைவது பொன். புடவைத் தலைப்பு இடது தோளில் ஏறிய பிறகு மாலையைத் தலைப்பின் மேல் போடுவதுதான் பழைய வழக்கம். உள்ளே போட்டால் சரிகையில் காசு சிக்கும். கனத்த பட்டின் மேல் காசு தட்டையாகப் படியும். மெல்லிய துணியில் புரண்டு முதுகைக் காட்டும். அழகு விதியாக இன்று சொல்லப்படும் இவற்றில் பாதி, பொன் தேயாமல் இருக்கச் செய்த ஏற்பாடுகள். கனமும் சாதாரணமல்ல. ஐம்பது சவரன் கோத்த மாலை ஏறத்தாழ நானூறு கிராம். 1520 வாக்கில் விஜயநகரத்தின் மகாநவமி விழாவைப் பார்த்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், அரண்மனைப் பெண்கள் நகைச்சுமை தாங்காமல் நடக்க, மற்றப் பெண்கள் கையைத் தாங்கிப் பிடித்து வந்ததாக எழுதியிருக்கிறார். அன்று ஊர் முன்னால் நடந்துபோனது அரசனின் கருவூலம்தான்.

நீள மாலை கணக்கிலிருந்து பிறந்தது என்பதைச் சிற்பத்தைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. பாட்னாவில் உள்ள தீதார்கஞ்ச் யட்சியின் மார்பில் முத்துச்சரம் எவ்வளவு அழகாக இறங்குகிறது. சோழர் காலத்துச் செப்புத் தேவியரின் கழுத்தணிகளுக்குக் கீழே இரு மார்புக்கிடையே ஒரு சரம் எப்படி உடலின் நீளத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. அங்கே கணக்கு எங்கே வருகிறது என்பார்கள். மாங்காய்மாலையையும் சேர்த்துக்கொள்வார்கள். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் சிவப்புக் கெம்புக்கல் பதித்துச் செய்யும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வெள்ளியில் செய்து பொன் தகடு போர்த்திய அந்த மாலையைப் பரதநாட்டியம் ஆடுபவர்கள் அணிவது சேமிப்புக்காக அல்ல. மேடையில் பத்தாவது வரிசைக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. இதை நான் மறுக்கவில்லை. கல்லும் அரக்கும் ஏறிய மாலையைச் சேமிப்பு என்று சொல்லவும் முடியாது. விற்கப் போனால் அவற்றின் எடையைக் கழித்துவிடுவார்கள். நான் சொல்வது தோன்றிய வழியைப் பற்றி. மாங்காய்மாலையும் ஒரே வடிவ உருப்படியை வரிசையாகத் திரும்பத் திரும்பக் கோத்ததுதான். காசுக்குப் பதில் மாங்காய் வந்தது, கோக்கும் முறை அப்படியே நின்றது. எண்ணிக்கை எப்போதும் பணத்துக்காக மட்டும் இருந்ததும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் கழுத்திலிருந்து மார்பில் தொங்கிய பட்டுநூலில் 104 பெரிய முத்துகளும் மாணிக்கங்களும் கோக்கப்பட்டிருந்தன என்றும், நாள்தோறும் அத்தனை முறை அவன் வழிபாட்டுச் சொல்லை உருவிடுவான் என்றும் எழுதினார். அந்த நூலைப் பரம்பரை பரம்பரையாக அரசர்கள் கைமாற்றிக் கொடுத்தார்களாம். செபத்துக்கும் சொத்துக்கும் ஒரே மாலை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மாலை பெண்ணின் சேமிப்பு என்று சொல்வது சரி, அந்தச் சேமிப்பின் சாவி யார் கையில் இருந்தது? அடகுக்கடைக்குப் போன நகைகளில் எத்தனை அவள் சம்மதத்தோடு போயின? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. சீதனம் மனைவியின் முழு உடைமை, கணவனோ அவன் வீட்டாரோ அதற்குக் காப்பாளர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் அழுத்திச் சொல்ல வேண்டி வந்ததே நிலைமை எப்படி இருந்தது என்பதைக் காட்டும். ஆனால் அவளுக்கு வேறு என்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும். இந்துக் கூட்டுக்குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம உரிமை தமிழ்நாட்டில் 1989இல்தான் சட்டமானது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. அதற்கு முன் நிலம் மகனுக்கு, பொன் மகளுக்கு என்பதுதான் நடைமுறை. உடம்போடு ஒட்டியிருப்பதால் பொன்னை எடுத்துக்கொள்ள ஒருவர் கேட்டாக வேண்டும், அல்லது பறித்தாக வேண்டும். முழுப் பாதுகாப்பு அது இல்லை. நிலத்தில் அவளுக்கு அந்த அளவுகூட இல்லை.

மாலை அழகுப் பொருள் மட்டும்தான் என்றால் அதைத் தடைசெய்ய யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். மானுடவியலாளர் ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். முதல் தடையே பொன், வெள்ளி நகை அணியக் கூடாது என்பதுதான். கூலியில் மிஞ்சும் ஒரு ரூபாயை எளிதில் பிடுங்க முடியாத வடிவத்தில் சேர்த்து வைக்கும் வழியை அடைத்ததுதான் அந்தத் தடையின் பொருள். திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கல்லுமாலை அணிந்தாக வேண்டும் என்றிருந்தது. கழுத்திலிருந்து மார்பை மூடும் அந்தக் கல்மணிச் சரங்களுக்குச் சந்தையில் மதிப்பில்லை. அவள் யார் என்று ஊருக்கு அறிவிப்பது மட்டுமே அவற்றின் வேலை. 1915இல் கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில், புலையர் தலைவர் அய்யன்காளியின் இயக்கத்தைப் பின்பற்றிய பெண்கள் அந்த மாலைகளை அணிய மறுத்தார்கள். அடிதடியும் தீவைப்பும் நடந்தன. பிறகு கொல்லத்தில் கூடிய கூட்டத்தில் பெண்கள் வரிசையாக வந்து கல்லுமாலையை அறுத்துக் குவித்தார்கள். ஒரு பக்கம் மதிப்புள்ள மாலையை அணிய அனுமதி இல்லை, மறுபக்கம் மதிப்பில்லாத மாலையைக் கழற்ற அனுமதி இல்லை. பட்டும் காசுமாலையும் மட்டும் காட்டிப் பழம்பெருமை பேசும் நகை வரலாறுகள் இந்தப் பெண்களை விட்டுவிடுவது பெருங்குறை. மாலையின் உண்மையான மதிப்பை அவர்களைவிடத் தெளிவாக அறிந்தவர்கள் யாரும் இல்லை.

அரசாங்கமும் இதை அறிந்தே இருந்தது. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் புது நகையின் தரத்தை 14 காரட்டுக்கு மேல் போகக் கூடாது என்று தடுத்தபோது பத்தர்களின் பட்டறைகள் முடங்கின. 14 காரட் விதி பிறகு தளர்த்தப்பட்டது. 1968ஆம் ஆண்டுத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் சாதாரணக் குடிமகன் கட்டித்தங்கம் வைத்திருப்பதைத் தடுத்தது, நகை வைத்திருப்பதை அனுமதித்தது. 1990இல் அந்தச் சட்டம் நீக்கப்படும்வரை வீட்டில் தங்கச் சேமிப்பு பெரும்பாலும் நகையாகவே இருக்க முடிந்தது. 2011இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகள் திறக்கப்பட்டபோது, 18 அடி நீளப் பொன் சங்கிலியும் பல நாட்டுப் பழங்காசுகளும் ஒன்றாகக் கிடைத்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. சங்கிலியும் காசும் ஒரே அறையில் இருந்ததில் எனக்கு வியப்பில்லை.

இப்போது கடைகளில் விற்கும் நீள ஆரங்களில் பெரும்பாலானவை இந்த மரபைத் தலைகீழாக்கியவை. நீளம் அப்படியே இருக்கிறது, எடை இறங்கிவிட்டது. காசு என்ற பெயரில் லட்சுமி உருவம் அழுத்திய மெல்லிய தகடு தொங்குகிறது. சேதாரமும் செய்கூலியும் பெறுமானத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. அணியும் ஆசைக்காக வாங்குவதில் தவறில்லை, அதைச் சேமிப்பு என்று நம்பி வாங்குவதுதான் தவறு. பழைய காசுமாலை வீட்டில் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புது டிசைனுக்கு மாற்றப் போகும் முன் காசுகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் இருபுறமும் புகைப்படம் எடுங்கள். மொத்த எடையோடு ஒரு காசின் தனி எடையையும் குறியுங்கள். எட்டு கிராமுக்குச் சற்றே குறைவாக இருந்து, அரசர் அல்லது அரசியின் முகமும் ஆண்டும் தெளிவாகத் தெரிந்தால் அது அசல் சவரனாக இருக்கலாம். நாணயம் அறிந்தவரிடம் காட்டுங்கள். யார் யாருக்குக் கொடுத்தது, எத்தனை காசு கழற்றியது, எதற்காக என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உருக்கிவிட்ட மாலையை மறுபடி எண்ண முடியாது.